ஏப்ரல் 18க்கு மண்டபம் எடுக்கலாமா?

வட்ஸ்அப் குழு: கொக்குவில் குடும்பம் (கனடா)
2015 பெப்ரவரி 8, ஞாயிறு

காலை 9:04

வசந்தி: எல்லாருக்கும் காலை வணக்கம். மண்டபத்துக்காரர் நேற்றுப் பின்னேரம் கோல் எடுத்தவை. அபின்ர அரங்கேற்றத்துக்கு ரெண்டு நாள்தான் மிச்சம் இருக்காம். ஏப்ரல் 18 சனி, இல்லாட்டி மே 30 சனி. நாளைக்கு 4 மணிக்குள்ள முற்பணம் கட்டோணும். ஆருக்கு எது சரி எண்டு இண்டைக்கே சொல்லுங்கோ.

ஜெயா: 18 நல்லம். வருஷப்பிறப்பு முடிஞ்ச கையோட.

கண்ணன்: 18

ரூபன் மொன்றியல்: எங்களுக்கும் 18 ஓகே அக்கா. வெள்ளி இரவே வெளிக்கிடுவம்.

சிவா: 18 வேண்டாம்.

வசந்தி: ஏன் அண்ணா?

சிவா: ஹொக்கி பிளேஓஃப் தொடங்கிற கிழமை. கப்புக்கான கடைசிச் சுத்துகள்.

ரூபன் மொன்றியல்: ஆற்ற பிளேஓஃப்? எங்கடயோ?

பிரதீப்: அப்பா பிளீஸ்

சிவா: நேற்று எங்கட ரொறன்ரோ லீஃப்ஸ் 5-1 வெண்டதைப் பாத்தனியோ இல்லையோ?

பிரதீப்: பாத்தன். எட்மன்ரனை வெண்டது. தொடர்ந்து 11 கேம் தோத்திட்டு எட்மன்ரனை.

வசந்தி: நான் மண்டபம் கேட்டனான்

சிவா: வசந்தி, மண்டபத்துக்குத்தான் சொல்லுறன். எல்லாரும் ஆறுதலா வாசியுங்கோ. மொத்தம் 82 கேம். 54 முடிஞ்சுது. எங்களிட்ட 50 பொயின்ற். மிச்சம் 28 கேம், அதில கூடினது 56 பொயின்ற் எடுக்கலாம். போன வருஷம் கிழக்குப் பிரிவில கடைசியா பிளேஓஃபுக்குள்ள போன கொலம்பஸும் டெட்ரொயிற்றும் 93. அப்ப எங்களுக்கு இன்னும் 43 வேணும். 21 கேம் வெண்டு (ஒரு வெற்றிக்கு ரெண்டு), ஒண்டை ஓவர்ரைமில, அதாவது மேலதிக நேரத்தில, தோத்தால் (அதுக்கு ஒண்டு) சரி 43. உது நடக்காத காரியம் இல்லை. நவம்பரில நாஷ்விலிட்ட 9-2 எண்டு அடிவாங்கின இதே பெடியள்தான் அதுக்குப் பிறகு 12 கேமில 10 வெண்டவங்கள். அப்பவும் எல்லாரும் முடிஞ்சுது எண்டுதான் சொன்னவை. இதை யோசிச்சுத்தான் 18 வேண்டாம் எண்டுறன்.

கண்ணன்: 👍

வசந்தி: உங்கட 👍 எதுக்கு? 18க்கோ 30க்கோ?

பிரதீப்: அந்த 12க்குப் பிறகு 23 கேமில 4 வெற்றி அப்பா. நேற்றையதையும் சேர்த்து.

பிரதீப்: டிசம்பரில வெல்லேக்கையும் மற்ற ரீம்தான் கூட ஷொட் அடிச்சது. கோல் காக்கிற கோலி பேர்னியே மறிச்சதாலதான் வெண்டது. கோலி களைக்க எல்லாம் கொட்டுண்டிட்டுது. அப்பவே சொன்னனான்.

சிவா: நீ எப்பவும் தோக்கப்போகுது எண்டுதான் சொல்லுவாய். தோத்த உடன உன்ர கணக்குச் சரி.

ஜெயா: வசந்தி, சாப்பாடு ஆரிட்டக் குடுக்கப் போறாய்? போனமுறை எடுத்த இடத்தில கட்லட் பச்சை மா.

ரூபன் மொன்றியல்: எங்கட மொன்றியலுக்கு கோலியா கேரி பிரைஸ் நிக்கிறான். ஒரு கவலையும் இல்லை.

சிவா: நீ வாயை மூடு. ஸ்காபரோவில வளந்து போட்டு மொன்றியலுக்குக் கத்துறாய்.

ரூபன் மொன்றியல்: 11 வருஷமா இஞ்ச வரி கட்டுறன் அண்ணா. வரி கட்டுற ஊருக்குத்தானே கத்தலாம்.

ரூபன் மொன்றியல்: எங்கட ரீமில விளையாடுற சுப்பானும் ரொறன்ரோப் பெடியன்தான். அவனையும் ஏசுங்கோ.

வசந்தி: அப்ப ரூபன், உனக்கும்தானே பிளேஓஃப். 18 எப்பிடி ஓகே?

ரூபன் மொன்றியல்: ஃபோனில பாப்பன்

வசந்தி: ஒருதரும் ஃபோனில பாக்கேலாது. இப்பவே சொல்லிப்போட்டன். 1999 எனக்கு இன்னும் மறக்கேல்ல.

ஜெயா: தொடங்கிட்டாள்

வசந்தி: என்ர ரிசப்ஷன். பஃபலோவோட கேமாம். குடும்பப் படத்தில நாலு பிள்ளையளில மூண்டுதான் நிக்குது. அண்ணா கார் பார்க்கிங்கில ரேடியோ கேட்டுக்கொண்டு நிண்டவர். அந்தப் படம்தான் 15 வருஷமா என்ர ஹோலில தொங்குது.

கண்ணன்: என்ர அம்மாவும் கேட்டவ, பெரிய மச்சான் கோவமோ எண்டு.

சிவா: கண்ணன், அதுக்கு அப்பவே வந்து உம்மோட கதைச்சனான்.

கண்ணன்: ஓம். அடுத்த தைப்பொங்கலுக்கு.

காலை 9:41

பிரதீப்: வசந்தி மாமி, 18ஐ எடுங்கோ. நான் எழுதித் தாறன், லீஃப்ஸ் போகாது. போகவும் கூடாது.

சிவா: கூடாதோ?

பிரதீப்: கூடாது. இந்த வருஷம் கடைசியில முடிக்கிறதுதான் நல்லது. கொனர் மக்டேவிட் இந்த யூன் ட்ராஃப்ற்றில, ரீமுகள் இளம் பெடியளைத் தெரிவு செய்யிறதில, வாறான். நியூமார்க்கற் பெடியன், சின்னனில லீஃப்ஸ் ஃபான். ஈரி ஒட்டேர்ஸ் ஜூனியர் ரீமில அவன் விளையாடுறதைப் பாத்தனீங்களோ? கை முறிஞ்சு வந்தும் நிப்பாட்டேலாமல் கிடக்கு. கடைசி இடத்தில நிக்கிற ரீமுக்கு முதல் பிக் (முதல் தெரிவு) கிடைக்க லொட்டரியில 20 வீதம். அவன் கிடைக்காட்டியும் ரெண்டாவது நிச்சயம், அது ஜக் ஐக்கல். அரைகுறையா 9ஆம் 10ஆம் இடத்தில முடிச்சால் ஒண்டும் இல்லை. அதைத்தானே நாங்கள் பத்து வருஷமாச் செய்யிறம்.

பிரதீப்: ஆள் மாத்திற கடைசி நாள் மார்ச் 2க்கு முதல் ஃபிரான்சன், வின்னிக், சந்தொரெல்லி எல்லாரையும் குடுத்து பிக்ஸ் எடுக்கோணும். கோடையில கெஸலும் ஃபனோஃபும் போகோணும்.

சிவா: கெஸல் போனால் ஆர் கோல் அடிக்கிறது, நீயோ?

பிரதீப்: இப்ப ஆர் அடிக்கிறது? ஜனவரியில கலிஃபோர்னியாவில மூண்டு கேம், மொத்தம் ஒரு கோல்.

ரூபன் மொன்றியல்: 😂😂

ஜெயா: கெஸல் ஆர்? கலியாணம் கட்டிட்டானோ?

பிரதீப்: பெரிய மாமி 🙏

சிவா: பிரதீப், இதுக்கு வடிவாப் பதில் சொல்லு. எட்மன்ரன் 2010, 2011, 2012 மூண்டு வருஷமும் முதல் பிக் எடுத்தது. ஹோல், நியூஜன்ற்-ஹொப்கின்ஸ், யகூப்பொவ். இப்ப அவங்கள் எங்க நிக்கிறாங்கள்? எங்களிட்ட 5-1 வாங்கிற இடத்தில. தோக்கப் பழகினால் அதுதான் பழக்கமாகும். சின்னப் பெடியனைக் கொண்டந்து தோக்கிற அறைக்குள்ள விட்டால் அவனும் கெட்டுப்போவான். எங்கட பெடியள் ரைலி, கட்ரி ரெண்டு பேரையும் நினைச்சுப் பார். அவங்களுக்கு இப்ப வெல்லத் தெரியோணும். தோக்கச் சொல்லிக் குடுக்கிற கோச் ஆர் இருக்கிறான்? நான் 1986இல இருந்து பாக்கிறன். ஒரு நாளும் இவங்கள் தோக்கோணும் எண்டு கதிரையில இருந்ததில்லை. இருக்கவும் மாட்டன்.

பிரதீப்: எட்மன்ரன் பிக் எடுத்ததாலே தோக்கேல்ல. பின்வரிசையும் கோலியும் கட்டாமல் விட்டதாலே தோத்தது. சிக்காகோ ரேவ்ஸையும் கேனையும் பிக்கிலதான் எடுத்தது, ரெண்டு ஸ்ரான்லி கப். பிற்ஸ்பேர்க் க்ரோஸ்பி. லொஸ் ஏஞ்சலஸ் (எல்.ஏ) டோற்றி. வேற வழியால கட்டின ரீம் ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்.

ரூபன் மொன்றியல்: பொஸ்ரன்

பிரதீப்: சித்தப்பா, பொஸ்ரன்காரன்தான் எங்கட பிக்கை எடுத்தவன்!! கெஸலுக்கு நாங்கள் ரெண்டு முதல் ரவுண்ட் பிக் குடுத்தம். ஒண்டு செகுவின், மற்றது டகி ஹமில்ற்றன். ரெண்டும் இப்ப எங்களிட்ட இருந்திருக்கோணும்.

பிரதீப்: பிறகு கிளார்க்சனோட 7 வருஷ ஒப்பந்தம், 36.75 மில்லியன். கூரை ஒழுக ஒழுக சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறாங்கள். கிடைக்கிற காசையும் பிக்கையும் அவசரத்தில எறியிறது, ஏப்ரலில நாலு கேம் பாக்கலாம் எண்டு. உங்கள மாதிரி ஆக்கள் எப்பிடியும் ரிக்கெற் வாங்குவீங்கள் எண்டு அவங்களுக்குத் தெரியும். ஃபோன் கொம்பனியள் பெல்லும் ரொஜேர்ஸும்தான் பெரிய பங்குக்காரர். தோத்தாலும் ஏசிசி அரங்கு நிறையும்.

சிவா: நான் ரிக்கெற் வாங்கி எத்தினை வருஷம். ரிவியிலதான்.

வசந்தி: 18ஓ 30ஓ

அபி: குட் மோர்னிங்

அபி: ஆடுறது நான். என்னட்ட ஒருதரும் கேக்கேல்ல

வசந்தி: நீ இப்பத்தான் எழும்பினனி

அபி: 18 வேணும். மே 30 எண்டால் பிறகு உடன ஸ்கூல் எக்ஸாம்ஸ். அதோட மிருதங்க மாஸ்ரர் மே 20க்குச் சென்னைக்குத் திரும்பிறார் எண்டு ரீச்சர் சொன்னவ.

வசந்தி: அதை ஏன் எனக்குச் சொல்லேல்ல?

அபி: வெள்ளி சொன்னனான். நீங்கள் புடவை பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்.

கண்ணன்: சொன்னவள். நானும் நிண்டனான்.

ஜெயா: அப்ப 18. முடிஞ்சுது. ரோல்ஸ் நான் சுத்தித் தாறன், ஃபிரீசரில வைக்கலாம்.

காலை 10:15

அம்மம்மா: 🎤 குரல் செய்தி (1:12)

ரூபன் மொன்றியல்: அம்மா என்ன சொல்லுறா? பஸ்ஸில நிக்கிறன், கேக்கேலாது.

ஜெயா: 18 அமாவாசையாம். பஞ்சாங்கம் எடுத்துப் பாத்தவவாம். அப்பாக்கு விரதம் பிடிக்கிற பிள்ளையள் அண்டைக்கு எப்பிடி மண்டபத்தில நிக்கிறது எண்டு கேக்கிறா. சித்திரை மாச அமாவாசை வேற. பிறகு ரூபன் ஏன் தைப்பொங்கலுக்கு எடுக்கேல்ல எண்டும் கேட்டவ.

ரூபன் மொன்றியல்: எடுத்தனான். ஃபோன் ஓஃப்.

சிவா: பாத்தியோ. நான் சொல்லேக்க ஒருதரும் கேக்கேல்ல.

வசந்தி: அண்ணா, நீங்கள் அமாவாசைக்கோ சொன்னனீங்கள்?

வசந்தி: அம்மா, மத்தியானம் படைச்சுச் சாப்பிட்டிட்டு வரலாம். நிகழ்ச்சி 4 மணிக்குத்தானே. சாப்பாடு முழுக்க மரக்கறி போடுவம்.

ஜெயா: அப்ப ஆட்டிறைச்சி ரோல்ஸ் இல்லையோ

பிரதீப்: இல்லாட்டி என்ர கூட்டாளியள் வராங்கள்

அம்மம்மா: 🎤 குரல் செய்தி (0:38)

ஜெயா: அமாவாசையில சலங்கை கட்டலாமோ எண்டு கோயில் ஐயரிட்டக் கேக்கட்டாம். தனக்குச் சரியாத் தெரியாதாம். அப்பா இருந்தால் பொறுப்பாக் கேட்டிருப்பாராம்.

சிவா: ஐயரிட்ட நான் கேக்கிறன். பின்னேரம் கோயிலுக்குப் போறன்.

பிரதீப்: அப்பா கேட்டால் ஐயர் 30 எண்டுதான் சொல்லுவார். மாமி, நீங்களே கேளுங்கோ.

சிவா: டேய்.

சிவா: உனக்கு ஒண்டு சொல்லோணும், எல்லாரும் இருக்கிற இடத்திலயே சொல்லுறன். 1993. ரொறன்ரோ வெலஸ்லியில ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்ற், ஏழு பேர். உன்ர அப்பப்பா வந்து ஆறு மாசம். இங்கிலீஷ் தெரியாது, வெளியில போகப் பயம். நான் இரவு வேலையால வந்து அவரோட இருந்து லீஃப்ஸ் பாப்பன். டக் கில்மோரை அவருக்கு நல்லா விருப்பம். சின்ன ஆள், எவ்வளவு அடிச்சாலும் எழும்பிறான் எண்டுவார். பிளேஓஃபில எல்.ஏயோட ஆறாவது கேம், ஓவர்ரைம். கிரெட்ஸ்கின்ர ஸ்ரிக் கில்மோரின்ர நாடியில பட்டு ரத்தம் வருது. றெஃபெறி கெரி ஃபிரேசர் விசில் ஊதேல்ல. பிறகு கிரெட்ஸ்கிதான் கோல் அடிச்சு வெண்டது. ஏழாவது கேம் 5-4. அண்டைக்கு அப்பா கதிரையால எழும்பேல்ல. அடுத்தநாள் வேலைக்குப் போன இடத்தில எல்லா வெள்ளைக்காறரும் அதே கதை, அதே கோவம். நானும் அவங்களோட நிண்டு கதைச்சன். இந்த ஊரில முதல் முறையா என்னை ஒருதன் நீயும் பாத்தனியோ எண்டு கேட்டது அண்டைக்குத்தான். இந்த ரீமைத் தோக்கச் சொல்லி என்னட்டக் கேக்காத. கணக்குச் சரியா இருக்கலாம். எனக்கு வராது.

10:38

ஜெயா: அப்பா அந்த நீலக் கம்பளித் தொப்பியை ஆஸ்பத்திரிக்கும் போட்டுக்கொண்டு போனவர்.

வசந்தி: என்னட்டத்தான் இருக்கு.

ரூபன் மொன்றியல்: அந்த விசில் ஊதியிருந்தால் ஃபைனல் எங்கட மொன்றியலோடதான். அது நல்ல ஃபைனலா இருந்திருக்கும் அண்ணா.

சிவா: இருந்திருக்கும்.

பிரதீப்: அப்பா, நானும் தோக்கச் சொல்லிக் கத்தேல்ல. நேற்று அஞ்சாவது கோலுக்கு ஆர் முதல் எழும்பினது?

பிரதீப்: எனக்கு நீங்கள் ஒருக்காக் கப் பாக்கோணும். லீஃப்ஸ் கடைசியாக் கப் வெண்ட 1967இல நீங்கள் ஊரில கைக்குழந்தை. 2013இல பொஸ்ரனோட 4-1 முன்னுக்கு நிண்டு, கடைசி நிமிஷத்தில விட்டு, ஓவர்ரைமில தோத்த அண்டைக்கு நீங்கள் சாப்பிடாமல் படுத்தனீங்கள். ரீம் தலைவர் ஷனஹன் உண்மையாவே முழுசாப் பிரிச்சுக் கட்டப்போறான் எண்டால் அஞ்சு வருஷம் பொறுக்கலாம். நைலாண்டர் இருக்கிறான், ரைலி இருக்கிறான். அவங்களோட ஒரு மக்டேவிட். இப்பிடி ஒவ்வொரு பெப்ரவரியும் 43 பொயின்ற் எண்ணிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

சிவா: அஞ்சு வருஷம். எனக்கு அப்ப 53.

ரூபன் மொன்றியல்: அது ஒரு வயசே அண்ணா

சிவா: மக்டேவிட் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் 28 கேமும் வெல்லத்தான் விளையாடோணும்.

பிரதீப்: சரி. நீங்கள் வெல்லச் சொல்லிப் பாருங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்.

அபி: சிவா மாமா, 18 வச்சால் படத்துக்கு நிப்பீங்களோ?

சிவா: நிப்பன் பிள்ளை.

வசந்தி: எழுத்தில இருக்கு. எல்லாரும் பாத்தாச்சு.

சிவா: நிப்பன் எண்டு சொல்லிட்டன். ஆனால் 4 மணி எண்டுறதை 2 மணி ஆக்கேலாதோ? சனி கேம் 7 மணிக்கு.

வசந்தி: அண்ணா!

கண்ணன்: 2 மணி எண்டால் விரதச் சாப்பாடு எப்ப?

ஜெயா: அதையும் ஐயரிட்டக் கேளுங்கோ. வாழைக்காய் ஆர் வாங்கிறது அண்டைக்கு?

ரூபன் மொன்றியல்: எங்கள் அஞ்சு பேருக்கும் படுக்கை எங்க? போனமுறை பேஸ்மென்ற்றில ஹீற்றர் வேலை செய்யேல்ல.

பிரதீப்: எங்கட வீட்ட வாங்கோ சித்தப்பா. மொன்றியல் ஜேர்சியை மட்டும் காருக்குள்ள வையுங்கோ.

வசந்தி: சரி, நான் நாளைக்கு 18க்கு முற்பணம் கட்டுறன். ஐயர் வேண்டாம் எண்டால் மண்டபத்துக்காரரிட்ட 19 ஞாயிறு காலியோ எண்டு கேக்கிறன். அண்ணா, இண்டைக்குப் பின்னேரம் ஐயரிட்டக் கேட்டு இதிலயே போடுங்கோ. நீங்கள் கேக்கேக்க ஜெயா அக்காவும் பக்கத்தில நிக்கோணும்.

ஜெயா: நான் 5 மணிக்குப் போறன்

சிவா: 19 எண்டால் எனக்குப் பிரச்சினை இல்லை. முதல் கேம் எண்டைக்கு விழுகுது எண்டு அட்டவணை வந்தாப் பிறகு சொல்லுறன்.

பிரதீப்: அட்டவணையில எங்கட பேர் வராது அப்பா

சிவா: 43 பொயின்ற். எண்ணு.

அம்மம்மா: 🎤 குரல் செய்தி (0:09)

ஜெயா: ஆர் வெண்டது எண்டு கேக்கிறா

சிவா: லீஃப்ஸ் அம்மா. 5-1.

கண்ணன்: அப்ப 18ஓ 19ஓ? வேலையில லீவு எழுதோணும்.