யூபோட்: டார்ப்பிடோ எல்லாம் கப்பலுக்குப் பின்னாலேயே போகிறது, கணக்கில் எங்கே பிழை?

கீழைக்காற்று:

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கியை நடத்தும் யூபோட் என்ற கணினி விளையாட்டின், 2024 ஆகஸ்டில் வெளியான முழுப் பதிப்பு பற்றிய கேள்வி. படம், ஒலி, படகின் வயிற்றைப் பிளந்து காட்டி உள்ளே ஆட்கள் வேலை செய்வதைப் பார்க்க விடுவது எல்லாம் பிரமாதம். சிக்கல் குறி பார்ப்பதில்தான். அதிகாரிகளின் உதவியை விட்டுவிட்டுக் கைக்கணக்கில் சுட்டால், டார்ப்பிடோ கப்பலின் பின்முனையை உரசாத குறையாகத் தாண்டிப் போகிறது. முன்னால் போவதே இல்லை, எப்போதும் பின்னால்தான்.

விவரம்: டைப் 7சி ரகப் படகு, பெரிஸ்கோப் ஆழம், 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகம். இலக்கின் பாதைக்குச் செங்குத்தாகப் படகின் முகம். இலக்கு இடமிருந்து வலமாகப் போகும் 135 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். பெரிஸ்கோப்பை 330 டிகிரியில் (மூக்குக்கு இடப்புறம் 30) வைத்து, முன்முனை பார்வையின் நடுச் செங்குத்துக் கோடான நடுக்கம்பியைத் தொட்டதிலிருந்து பின்முனை கடக்கும்வரை 38 நொடி. அதாவது 6.9 நாட். தூரம் 2000 மீட்டர். ஜி7இ மின் டார்ப்பிடோ, 30 நாட். தூரத்தை மூன்று முறை அளந்தாயிற்று, மாற்றமில்லை.

இன்னொன்று: சுட்ட பிறகு நீர்மூழ்கியை வேட்டையாடும் போர்க்கப்பலான டிஸ்ட்ராயர் வந்தால் பேட்டரி காலியாகும்வரை ஓடியும் தப்ப முடியவில்லை. பழைய நீர்மூழ்கி விளையாட்டான சைலண்ட் ஹண்டர் 3 ஆடியவர்களுக்கு இது எளிதாக இருக்குமா?


சோனார்சாமி:

தூரத்தை மூன்று முறை அளந்தது வீண் உழைப்பு. இலக்கின் பாதைக்குச் செங்குத்தாக நின்று, டார்ப்பிடோவை மூக்குக்கு நேராக, திருப்பமில்லாமல் விட்டால் தூரம் கணக்கிலேயே வராது. 800 மீட்டரானாலும் 2000 மீட்டரானாலும் முன்கூட்டிச் சுட வேண்டிய கோணம் ஒன்றுதான். இலக்கின் வேகத்தை டார்ப்பிடோவின் வேகத்தால் வகுத்து, எந்தக் கோணத்தின் டான் (tan) மதிப்பு அந்த விடையோ, அந்தக் கோணத்தை எடுங்கள். 30 நாட் டார்ப்பிடோவுக்கு: 6 நாட் கப்பல் என்றால் 11 டிகிரி, 8 என்றால் 15, 10 என்றால் 18, 12 என்றால் 22. மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

ஆக மிச்சம் இருக்கும் ஒரே பிழை வேகம். பின்னால் போகிறது என்றால் வேகத்தைக் குறைத்து எடை போட்டிருக்கிறீர்கள். ஏன் குறைந்தது என்பதும் உங்கள் பதிவிலேயே இருக்கிறது: படகு 2 நாட்டில் நகர்கிறது, பார்வை 330-ல்.

கப்பல் நடுக்கம்பியைக் கடக்கும் நேரத்தை வைத்து வேகம் காணும் இந்தக் கம்பி முறை வேலை செய்ய வேண்டுமானால் அந்தப் பார்வைக் கோடு கடலில் அசையாமல் நிற்க வேண்டும். படகு முன்னேறும்போது 330-ஐ நோக்கிய கோடும் கூடவே நகர்கிறது. அது கப்பலின் பாதையை வெட்டும் இடம் மெல்ல வலப்புறம் தள்ளிப் போகிறது. கப்பலும் வலப்புறம்தான் போகிறது. ஓடுகிற ரயிலோடு சேர்ந்து நடந்தபடி பெட்டிகளை எண்ணுவது மாதிரி: ரயில் மெதுவாகப் போவதாகத்தான் தெரியும்.

எவ்வளவு தள்ளுகிறது? 2 நாட் பெருக்கல் டான் 30, அதாவது 0.58. கிட்டத்தட்ட 1.15 நாட். ஆகவே உண்மையான வேகம் 6.9 அல்ல, 8.05. நீங்கள் 347-ல் சுட்டிருப்பீர்கள், சுட்டிருக்க வேண்டியது 345-ல். 30 நாட் டார்ப்பிடோ 2000 மீட்டர் ஓட 130 நொடி ஆகிறது. அதற்குள் இந்த 1.15 நாட் பிழை 77 மீட்டராக வளர்ந்துவிடும். கப்பலின் நடுவைக் குறிவைத்தால் பின்முனை வரை உங்களுக்கு இருக்கும் இடம் 67 மீட்டர். மிச்சம் 10 மீட்டர். அந்த "உரசாத குறை" அதுதான்.

கிட்டப் போவதன் பலனும் இதில்தான். 30 நாட் டார்ப்பிடோவில், ஒரு நாட் வேகப் பிழை ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் 33 மீட்டர் விலக்கும். 800 மீட்டரில் சுட்டிருந்தால் இதே தப்புக் கணக்கோடும் அடித்திருக்கும். ஆனால் 300 மீட்டருக்குள் போனால் டார்ப்பிடோவின் வெடிமுனை தயாராகியிருக்காது, மோதிவிட்டுச் சும்மா விழும். 600 முதல் 1000 மீட்டர் வசதியான இடம்.

அளப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, மூக்கைக் கப்பலின் பாதையில் அதற்கு முன்னால் ஒரு புள்ளியை நோக்கி வைத்து, பூஜ்யம் டிகிரியில் அளப்பது. படகு பார்வைக் கோட்டின் மேலேயே நகர்வதால் பிழை வராது. அளந்த பிறகு செங்குத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும், அதனால் சீக்கிரமே தொடங்க வேண்டும். படகை முழுக்க நிறுத்திவிடலாமே என்று தோன்றும். ஓட்டமில்லாவிட்டால் ஆழச் சுக்கான்களுக்குப் பிடி கிடையாது, ஆழம் நழுவும்.

இரண்டாவது வழி வரைபடத்தில். தூரமும் திசையும் எடுத்து ஒரு புள்ளி, 3 நிமிடம் 15 நொடி கழித்து இன்னொரு புள்ளி. இடையில் எத்தனை நூறு மீட்டரோ அத்தனை நாட். 800 மீட்டர் என்றால் 8 நாட். கடல் மைலுக்கு 1852 மீட்டர் என்பதால் இப்படி அமைகிறது. இதில் வேகத்தோடு இலக்கின் போக்குத் திசையும் கிடைத்துவிடும், செங்குத்து எது என்பதை ஊகிக்க வேண்டாம். தூரத்தை மூன்று முறை அளக்கும் ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டமாகச் செல்லும் கப்பல் அணியாக (கான்வாய்) இருந்தால் ஒரு கப்பலை அளந்தால் போதும். எல்லாம் ஒரே வேகம்தான். முன்வரிசைக் கப்பலை அளந்து, அடுத்ததைச் சுடுங்கள்.


இரும்புத்திமிங்கிலம்:

மேலே சொன்னது சரி. ஆனால் "டார்ப்பிடோ 30 நாட்" என்பதையும் ஒரு தரம் சரிபாருங்கள். ஜி7ஏ நீராவி டார்ப்பிடோவுக்கு 30, 40, 44 என்று மூன்று வேகம். 44-க்குக் கணக்குப் போட்டு 30-ல் விட்டாலும் இதே மாதிரி பின்னால்தான் போகும். ஜி7ஏ வேகமானது, ஆனால் குமிழித் தடம் விடும். பகலில் அது காட்டிக்கொடுக்கும் கோடு. இரவுக்கு ஜி7ஏ, பகலுக்கு ஜி7இ என்று பிரித்து வைப்பது அன்றைய வழக்கம்.

அடுத்து, சரியாகப் போய் மோதியும் வெடிக்கவில்லை என்று இன்னொரு பதிவு போடுவதற்கு முன்: விளையாட்டின் கடின அமைப்புகளில் பழுதான டார்ப்பிடோக்கள் என்பதை இயக்கியிருந்தால், 1939, 1940-ல் அது நடக்கத்தான் செய்யும். அது விளையாட்டின் கோளாறு அல்ல, வரலாறு. கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து அதன் அடியில் வெடிக்க வேண்டிய காந்த வெடிமுனை நேரத்துக்கு முன்பே வெடித்தது, அல்லது வெடிக்கவே இல்லை. 1940 ஏப்ரல் நார்வே போரில் இது பெரிய அவமானமாகவே ஆனது. கூடவே டார்ப்பிடோக்கள் வைத்த ஆழத்தைவிடக் கீழே ஓடின. படகுக்குள் காற்றழுத்தம் கூடி, டார்ப்பிடோவின் ஆழ அறைக்குள் கசிந்ததுதான் அதற்கு ஒரு காரணம் என்பது 1942-ல்தான் தெரிந்தது.

ஆகவே ஆரம்ப ஆண்டுகளில், பட்டால் வெடிக்கும் மோதுமுனையை வையுங்கள். 7 மீட்டர் மூழ்கி மிதக்கும் கப்பலுக்கு 3 மீட்டர் ஆழம். கடல் கொந்தளிப்பாக இருந்தால் 4, இல்லாவிட்டால் அலைக்கு மேலே துள்ளும். மோதும் கோணம் 90-க்கு அருகில் இருக்கட்டும். சாய்வாகப் பட்டால் முனை வழுக்கிவிடும். காந்தமுனை நம்பகமான பிறகு அடிப்பகுதிக்கு ஒரு மீட்டர் கீழே, அதாவது 8. முதுகெலும்பு முறியும், ஒன்றே போதும்.

7சி-யில் முன்னால் நான்கு குழாய், பின்னால் ஒன்று, மொத்தம் 14 டார்ப்பிடோ. ஒரு சரக்குக் கப்பலுக்கு நான்கையும் வீசுகிறவர்கள் மூன்றாவது நாளே வீடு திரும்ப வேண்டியதுதான்.


வடகடல்:

டிஸ்ட்ராயர் விஷயத்துக்கு வர்றேன். "பேட்டரி காலியாகும்வரை ஓடியும்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் தப்பு. ஓடக் கூடாது.

7சி தண்ணிக்கடியில 4 நாட்ல போனா 80 கடல் மைல். அதாவது 20 மணி நேரம். 2 நாட்ல 130 மைல், 65 மணி நேரம். அதே படகை முழு வேகத்துல, ஏழரை நாட்ல விரட்டினா பேட்டரி ஏறக்குறைய ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். தண்ணியைத் தள்ளுற சக்தி வேகத்தோட மும்மடியா ஏறும்: வேகம் ரெண்டு மடங்குன்னா சக்தி எட்டு மடங்கு. போதாததுக்கு உங்க புரொப்பல்லர் சத்தத்தை அவன் சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பான்.

எப்ப மெதுவா, எப்ப வேகமாங்கிறதுதான் எல்லாமே. அவன் மெதுவா சுத்துறான்னா கேக்குறான்னு அர்த்தம். அப்ப சைலண்ட் ரன்னிங், அதாவது சத்தமில்லாத ஓட்டம், 2 நாட், பம்ப் வேண்டாம், ரிப்பேர் வேண்டாம், டார்ப்பிடோ ரீலோடும் வேண்டாம். மூக்கையோ வாலையோ அவன் பக்கம் காட்டுங்க. பக்கவாட்டைக் காட்டினா ஆஸ்டிக் (ஒலி அனுப்பித் தேடுற அவனோட சோனார்) எதிரொலி பெருசா திரும்பிப் போகும்.

அவன் வேகமெடுத்து நேரா வர்றானா, இப்ப அவன் காது பாதி செவிடு. சொந்த ஓட்டத்தோட இரைச்சலே அவனை மறைச்சிரும். தலைக்கு மேல வர்றதுக்கு முன்னாடி கடைசி நூத்துச் சொச்சம் மீட்டர்ல ஆஸ்டிக் கதிர் உங்களைத் தாண்டிப் போயிரும், நீங்க எங்கன்னு அவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியிலதான் முழு வேகம், சுக்கானை முழுசா ஒரு பக்கம். அவன் தண்ணியில போடுற ஆழ்வெடிகுண்டு (டெப்த் சார்ஜ்) சாதாரண ரகம் நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர்தான் இறங்கும். நீங்க 150 மீட்டர்ல இருந்தா அது உங்ககிட்ட வர 50 நொடி. ஆறு நாட்ல 50 நொடி போனா 150 மீட்டர் தள்ளியாச்சு. அது உடலைப் பிளக்கணும்னா பத்து மீட்டருக்குள்ள வெடிக்கணும். வெடிச்சுத் தண்ணி கலங்கியிருக்கிற கொஞ்ச நேரம் ரிப்பேரையும் பம்பையும் முடிச்சுக்குங்க, சத்தம் அடங்கினதும் திரும்ப 2 நாட்.

இது 1939லருந்து 41 வரைக்கும் நல்லாவே பலிக்கும். குண்டை முன்னால வீசுற ஹெட்ஜ்ஹாக் ஆயுதம் வந்த பிறகு கதை வேற. ஆஸ்டிக்ல உங்களை விடாம பிடிச்சுக்கிட்டே 24 குண்டை முன்னால வீசுவான், பட்டாத்தான் வெடிக்கும். அதனால தண்ணியும் கலங்காது, எச்சரிக்கையும் கிடையாது. 1943 மே மாசம் மட்டும் ஜெர்மனி 41 படகை இழந்துச்சு. கேம்பெய்ன்ல அங்க போய்ச் சேர்ந்தீங்கன்னா புரியும்.

ஓட்டை விழுந்தா முதல்ல அடைங்க, அப்புறம் இறைங்க. பலர் தலைகீழா செய்றாங்க. தண்ணி ஏறி படகு கனமானா ஆழத்தைப் பிடிக்க வேகம் கூட்டணும், வேகம் கூடினா சத்தம், சத்தம்னா அடுத்த குண்டு. கடைசிக் கட்டத்துக்குத்தான் அழுத்தக்காற்று. அதை பாதியிலேயே ஊதித் தீர்த்துட்டா மேல வர வழியில்ல.


இரும்புத்திமிங்கிலம்:

சைலண்ட் ஹண்டர் 3 பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2005-ல் கற்ற குறிக்கணக்கு அப்படியே இங்கே செல்லும், கோண முறைகள் மாறவில்லை. மாறியது படகுக்குள்ளே. அங்கே ஆட்கள் படத்தில் ஒரு கட்டம். இங்கே சோறு, தூக்கம், ஒழுங்கு எல்லாம் பார்க்க வேண்டும். பாதி நேரம் கேப்டன், பாதி நேரம் ஹாஸ்டல் வார்டன். அது பிடிக்காதவர்களுக்கு இந்த விளையாட்டு சலிக்கும், அதை மறைப்பதற்கில்லை. எனக்குக் கேட்டால் அதுதான் இதன் சுவை. நண்பர்கள் நாலைந்து பேர் ஒரே படகில் ஆளுக்கொரு வேலையாக ஆட வேண்டும் என்றால் உல்ஃப்பேக் வேறு ரகம், அதைப் பாருங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. மேற்பரப்பில் டீசலில் ஓடும்போது நீரடி ஒலி கேட்கும் ஹைட்ரோஃபோனை நம்பாதீர்கள், அது செவிடு. சில மணி நேரத்துக்கு ஒரு முறை 20, 30 மீட்டர் இறங்கி, மெதுவாக்கி, சுற்றிலும் கேளுங்கள். கண்காணிப்பாளர் கண்ணுக்கு எட்டாத கான்வாய் காதுக்கு எட்டும்.


கீழைக்காற்று:

6.9 கூட்டல் 1.15, 8.05. கோணம் 15. அதே சேமிப்பிலிருந்து 345-ல் சுட்டதில் புகைபோக்கிக்குக் கீழே பட்டது. சோனார்சாமி அண்ணா, நன்றி. ஒரு சந்தேகம்: இந்த 1.15-ஐ எப்போதும் கூட்டத்தான் வேண்டுமா? மூக்கைத் தாண்டிப் போய்விட்ட கப்பலைப் பின்குழாயால் சுட நினைத்தால்?


சோனார்சாமி:

இல்லை. மூக்கை நோக்கி வருகிற கப்பல் என்றால் கூட்டு, மூக்கைத் தாண்டி விலகுகிற கப்பல் என்றால் கழி. மூக்குக்கு வலப்புறம் 30 டிகிரியில் அளந்தால், பார்வைக் கோடு கப்பலின் பாதையை வெட்டும் புள்ளி இடப்புறம் நகரும், கப்பலோ வலப்புறம் போகும். அதனால் கம்பியைச் சீக்கிரமே கடந்து, உள்ளதைவிட வேகமாகத் தெரியும். படகு பின்னோக்கி நகர்ந்தால் இரண்டும் தலைகீழ். கோணத்துக்கு டான் மதிப்பு: 10 டிகிரிக்கு 0.18, 20-க்கு 0.36, 30-க்கு 0.58, 45-க்கு 1. படகின் முகம் இலக்கின் பாதைக்குச் செங்குத்தாக இருந்தால் மட்டுமே இந்தத் திருத்தம் பொருந்தும். பின்குழாயில் சுடப் படகைத் திருப்பிக்கொண்டே அளந்தால் எதுவும் பொருந்தாது. திருப்பி முடித்து, போக்கு நிலைத்த பிறகு அளங்கள்.