புதுப்பிப்பு: அப்பாவின் ரேடியோ கசட் பாடத் தொடங்கிவிட்டது

ஹட்டன் வீட்டில் அலுமாரி மேல் கிடந்த அப்பாவின் பழைய செட்டில் ரேடியோ மட்டும் கேட்கிறது, கசட் சுற்றவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். மோட்டார் செத்துவிட்டதோ என்றுதான் பயந்தேன். இல்லை. திறந்து பார்த்தால் மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரின் சுழற்சியைக் கசட் சுற்றும் பகுதிக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்தான் தார் போல உருகிக் கப்பியில் ஒட்டிக் கிடந்தது.

அதைத் துடைக்க இரண்டு மாலை போனது. ஐசோபுரோபைல் அல்கஹோல், காது குடையும் பஞ்சுக் குச்சி, அப்புறம் பொறுமை. விரலில் பட்ட கறுப்பு மூன்று நாள் போகவில்லை. அம்மா சோற்றுப் பானையைத் தொடவே விடவில்லை.

பெல்ட் கூழாகிவிட்டால் அளவு எடுப்பது எப்படி? கப்பிகளைச் சுற்றி நூல் விட்டு அளந்து, அதில் ஏறக்குறைய 5 சதவீதம் குறைத்து வாங்கினேன். முதல் தடவை பேராசையில் இன்னும் சிறியதாக வாங்கிவிட்டேன், இறுக்கத்தில் மோட்டார் திணறியது.

நாடாவில் உள்ள ஒலியை வாசிக்கும் ஹெட், நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை எல்லாம் துடைத்தாயிற்று. பாட்டு மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் நகர வேண்டும். மோட்டாரின் பின்துளைக்குள் உள்ள சின்னத் திருகைத் திருப்பி, கைபேசியில் உள்ள அதே பாட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்யப் போகிறேன்.

கசட்டுகள்தான் கவலை. எங்கள் பக்கத்து ஈரத்துக்கு நாடா ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். அப்பாவின் குரல் பதிந்த ஒன்று இருக்கிறது. அதை இன்னும் போடவில்லை.