பள்ளி ஆலோசனைக் குழுவில் இருந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் மகள் படிக்கும் தொடக்கப்பள்ளியின் முதல்வர் என்னைப் பள்ளி ஆலோசனைக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அரசாங்கப் பள்ளி. பெற்றோர் ஆதரவுக் குழுவில் தொண்டூழியம் செய்திருக்கிறேன், விளையாட்டு நாளில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது என்று, ஆனால் இது வேறு மாதிரி.

நான் புரிந்துகொண்டவரை, அரசாங்கப் பள்ளியில் இந்தக் குழு ஆலோசனைதான் சொல்லும், முடிவு முதல்வரும் கல்வி அமைச்சும் எடுப்பது. அரசு உதவிபெறும் பள்ளி என்றால் அதை நடத்தும் தேவாலயமோ சங்கமோ அமைத்த நிர்வாகக் குழு. சுயேச்சைப் பள்ளிகளுக்கு (independent schools) ஆளுநர் குழு, பள்ளிக் கட்டணம் வரை அவர்கள் அதிகாரம் செல்லும்.

எனக்கு வேண்டியது உள்ளே இருந்தவர்களின் அனுபவம். கூட்டத்தில் என்னதான் பேசுவார்கள்? வசதி குறைந்த பிள்ளைகளுக்கு நிதி திரட்டுவதோடு சரியா? எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை, பிள்ளைகள் பள்ளி முடிந்த களைப்போடு பையைத் தூக்கிக்கொண்டு வேறு பள்ளிக்குத் தமிழ் படிக்கப் போகிறார்கள், அதைப் பற்றி அங்கே எழுப்பினால் காது கொடுப்பார்களா? அதற்காகத்தான் சேரவே யோசிக்கிறேன். அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்திருந்தால் கீழே எழுதுங்கள், தனியாகச் செய்தி அனுப்பினாலும் சரி. அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.