8 வயசுப் பையன் பாலே கத்துக்கணும்ங்கிறான்: எங்கே ஆரம்பிக்கிறது, எதுவரைக்கும் போகும்?

கேள்வி:
வணக்கம்ங்க. இந்த வருஷம்தான் கோயம்புத்தூர்ல இருந்து இங்கிலாந்துல ரெடிங் வந்தோம். பையன் ஸ்கூல்ல யாரோ டான்ஸ் டீச்சர் வந்து ஒரு வாரம் கிளாஸ் எடுத்தாங்களாம். அப்போ பிடிச்சது, பாலேதான் கத்துப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், நிஜமாவே. எங்க மாமியார் "ஆம்பளப் பையனுக்கு எதுக்குடா இது"ன்னு தினம் போன்ல கேக்கறாங்க. எங்கே சேர்க்கிறது, செலவு எப்படி, இதையே தொழிலா எடுத்தா பிழைக்க முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்:
வாங்க தங்கச்சி. எங்க வீட்டுப் பையனும் இந்த ரூட்லதான் போறான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல மாமியாருக்கு. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி பரதம் கத்துக்கிறதுக்கு முன்னாடி கத்துக்கிட்டது பாலே. ரஷ்யாவோட பேர் போன பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா குழுவில் இருந்த கிளியோ நோர்டிதான் சொல்லிக்கொடுத்தவங்க. 1923-ல் அதே பாவ்லோவாவோட லண்டன் கோவென்ட் கார்டன் மேடையில் கிருஷ்ணனா ஆடினவர் உதய சங்கர். இதுக்கு மேலயும் கேட்டா போனைப் பையன் கையில் குடுத்துடுங்க.

இப்போதைக்குப் பெரிய பேர் போன ஸ்கூலைத் தேடி அலைய வேண்டாம். ரெடிங்லயே ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ், அதாவது ஆர்.ஏ.டி. பாடத்திட்டம் எடுக்கிற டீச்சர் இருப்பாங்க. போன் பண்ணி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "பையன்களுக்குத் தனிப் பயிற்சி குடுப்பீங்களா?" ஆர்.ஏ.டி. கிரேடுகள்ல பசங்களுக்குன்னு தனிப் பயிற்சிகள் இருக்கு. அதைத் தெரிஞ்ச டீச்சரா பாருங்க. சும்மா பொண்ணுங்க வரிசையில் கடைசியா நிறுத்தி வைக்கிற இடம்னா ஒரே டெர்ம்ல பையனுக்கு ஆசை விட்டுடும். பசங்க குறைவுங்கிறதால சில இடத்தில் ஃபீஸ் குறைப்பாங்க. கூச்சப்படாம கேளுங்க, தப்பில்லை.

துணிமணி சுலபம். வெள்ளை டீ ஷர்ட், கறுப்பு ஷார்ட்ஸ், வெள்ளை சாக்ஸ். ஷூ மட்டும் கவனம். வளர்ற பையன்தானேன்னு நம்ம வழக்கப்படி ஒரு சைஸ் பெரிசா வாங்கிடாதீங்க. பாலே ஷூ கையுறை மாதிரி காலோட ஒட்டி இருக்கணும், தொளதொளன்னு இருந்தா திரும்பும்போது வழுக்கும். பல ஷூக்கள்ல எலாஸ்டிக் தைக்காமத்தான் வரும். குதிகால் பக்கத்தைப் பாதத்தோட உள்ளே மடிச்சா, அந்த மடிப்பு விழுற இடத்தில் எலாஸ்டிக்கை வச்சுக் கையாலேயே தச்சுடலாம். விரல் நுனியில் நிக்கிற பாயிண்ட் ஷூ பொதுவா பசங்களுக்குக் கிடையாது, அந்தப் பயம் வேண்டாம்.

8 வயசுங்கிறது நல்ல நேரம். லண்டன்ல இருக்கிற ராயல் பாலே ஸ்கூலுக்கு ஜூனியர் அசோசியேட்ஸ்னு ஒரு திட்டம் இருக்கு. வழக்கமான ஸ்கூல், உள்ளூர் டீச்சர் ரெண்டையும் விடாம, கூடுதலா அங்கே போய்க் கத்துக்கலாம். ஆடிஷன்ல இந்த வயசுப் பசங்ககிட்ட நுணுக்கம் எதிர்பார்க்க மாட்டாங்க. இடுப்பு எவ்வளவு வெளிப்பக்கம் திரும்புது, பாதம் எப்படி வளையுது, பாட்டு காதில் விழுந்தா உடம்பு கேக்குதா, இதைத்தான் பார்ப்பாங்க. கிடைக்கலைன்னா அடுத்த வருஷம் போகலாம்.

உண்மையான முடிவு 11 வயசுல. அதே ராயல் பாலே ஸ்கூலோட கீழ்ப்பிரிவு ரிச்மண்ட் பார்க் உள்ளே ஒயிட் லாட்ஜ்ல இருக்கு, பெரும்பாலும் ஹாஸ்டல். 7-ம் வகுப்புலேர்ந்து 11-ம் வகுப்பு வரை நடனமும் படிப்பும் சேர்ந்தே போகும். நம்ம ஊர் பத்தாவது மாதிரி இங்கே இருக்கிற ஜி.சி.எஸ்.இ. பரீட்சையை அங்கேயே எழுதுவாங்க, அதனால படிப்பு போச்சேன்னு அழ வேண்டாம். இதே மாதிரி ஸ்கூல் பர்மிங்ஹாம்ல எல்ம்ஹர்ஸ்ட் இருக்கு, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல டிரிங் பார்க் இருக்கு. ஃபீஸைக் கேட்டா தலை சுத்தும். ஆனா மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம்னு அரசாங்க உதவி உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்து உங்க பங்கைக் கணக்குப் போடுவாங்க.

உள்ளே போயிட்டா கம்பெனி, அதாவது தொழில்முறை பாலே குழு வரைக்கும் நேர் ரோடுன்னு நினைச்சுடாதீங்க. 16-ல் கோவென்ட் கார்டன்ல இருக்கிற அப்பர் ஸ்கூலுக்கு மறுபடி ஆடிஷன். அப்போ உலகம் பூரா இருந்து பசங்க போட்டிக்கு வருவாங்க. பசங்க எண்ணிக்கை கம்மி, அதனால சுலபமா இடம் கிடைக்கும்னு ஒரு பேச்சு உண்டு. 8 வயசுல அது ஓரளவு சரி. 16-ல் எடுபடாது.

நடுவில் 13, 14 வயசு இருக்கே, அதுதான் பெத்தவங்களுக்குச் சோதனை. எலும்பு வளர்ற வேகத்துக்குத் தசை ஈடு குடுக்காது. போன மாசம் தரைவரைக்கும் குனிஞ்சவன் இந்த மாசம் முட்டியைத் தாண்ட மாட்டான், குதிச்சா முட்டிக்குக் கீழே வலிக்கும். அந்த நேரத்தில் இன்னும் உழைன்னு விரட்டுற டீச்சர்கிட்டேர்ந்து பையனைக் கூட்டிட்டு வந்துடுங்க. வளர்ச்சி அடங்கினப்புறம்தான் ஆண்களோட நிஜமான பாடம் ஆரம்பிக்கும்: அந்தரத்தில் ரெண்டு சுத்து சுத்தி, ரெண்டு பாதமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின ஐந்தாம் நிலையில் ஆடாம இறங்குறது, மேடையைச் சுத்திப் பெரிய தாவல்கள், கூட ஆடுற பெண்ணைத் தலைக்கு மேல தூக்குறது. தூக்குறதுக்குத் தோள் பலம் மட்டும் பத்தாது. அவங்க எந்த நொடியில் எம்புறாங்கன்னு கை உணரணும்.

பிழைப்பைக் கேட்டீங்க. 18, 19-ல் கம்பெனி ஆடிஷன். லண்டன் மட்டும் இல்லை, ஜெர்மனியில் ஊருக்கு ஊர் அரசுத் தியேட்டர்கள்ல பாலே குழு இருக்கு, நிறையப் பேர் அங்கே போறாங்க. லண்டன் ராயல் பாலே குழுவில் ஆர்டிஸ்ட்டா நுழைஞ்சு ஃபர்ஸ்ட் ஆர்டிஸ்ட், சோலோயிஸ்ட், ஃபர்ஸ்ட் சோலோயிஸ்ட், பிரின்சிபல்னு ஏறணும். பாதிப் படியிலேயே நல்லா வாழ்ந்து முடிக்கிறவங்கதான் அதிகம், அதில் கேவலம் ஒண்ணும் இல்லை. ஐ.டி. சம்பளத்தோட ஒப்பிடாதீங்க. ஆட்டம் பெரும்பாலும் 35, 40-க்குள்ள முடிஞ்சுடும். நடுவில் அடியும் படும். ராயல் பாலேயில் ஆடுற ஸ்டீவன் மெக்ரேவுக்கு 2019-ல் மேடையிலேயே குதிகால் தசைநார் அறுந்துபோச்சு, 2021-ல்தான் திரும்ப ஆட வந்தார். அவர் பிரின்சிபல். கீழ்ப்படியில் இருக்கிறவனுக்கு இப்படி நடந்தா என்ன ஆகும்னு இப்பவே யோசிச்சு வைங்க.

அதுக்கப்புறமும் வழி உண்டு. வயசான ஆண்கள் குணச்சித்திர வேஷம் கட்டலாம், ஆஷ்டன் அமைச்ச 'லா ஃபீய் மால் கார்டே' பாலேயில் விதவை சிமோன் வேஷம் எப்பவும் ஆம்பளைக்குத்தான். டீச்சர் ஆகலாம், கோரியோகிராஃபர் ஆகலாம். வேற தொழிலுக்கு மாற டான்சர்ஸ் கேரியர் டெவலப்மென்ட்னு 1973-லேர்ந்து ஒரு அமைப்பு உதவி பண்ணுது. கார்லோஸ் அகோஸ்டாவைப் பாருங்க: ஹவானாவில் லாரி டிரைவர் மகன், ஊர் சுத்தறான்னு அப்பாவே பாலே ஸ்கூல்ல தள்ளினார். 1990-ல் சுவிட்சர்லாந்து லோசான் பாலே போட்டியில் தங்கம், 1998-ல் ராயல் பாலே, 2020-லேர்ந்து பர்மிங்ஹாம் ராயல் பாலே இயக்குநர்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க்கா. ஊர்ல ரெண்டு வருஷம் பரதம் கத்துக்கிட்டான். அதை நிறுத்தணுமா?

பதில்:
நிறுத்தாதீங்க. தாளம் உடம்பில் ஏறியிருக்கும், அரைமண்டியில் முட்டியை வெளிப்பக்கம் விரிச்சுப் பழகியிருப்பான், ரெண்டும் இங்கே உதவும். ஆனா பாலே டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. பரதத்தில் தட்டி மிதிக்கணும், இங்கே குதிச்சா சத்தம் வராம இறங்கணும். கொஞ்ச நாள் குழம்புவான்.

இன்னொருவர்:
நானும் ஒண்ணு சேர்த்துக்கிறேன். மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம் உதவிக்குப் பையனோட விசா நிலையையும் பார்ப்பாங்க. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் டிபெண்டன்ட்டா இருந்தா, ஆடிஷனுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே ஸ்கூல் அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கி வைங்க.