பெரிய காலிபரில் செமி-ஆட்டோ ரைபிள்: அமெரிக்கா வந்து முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு

கேள்வி:
வணக்கம். டாலஸுக்கு வடக்கே இருக்கிறேன், கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டது. தம்பி எச்-1பி வேலை விசாவில் என்னோடுதான் தங்கியிருக்கிறான். ஏஆர்-15 சுட்டுப் பழகியாச்சு. காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் சேர்த்து .308 தோட்டா அளவில் ஒரு செமி-ஆட்டோ (விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் ரைபிள்) வாங்கலாம் என்று எண்ணம். தூரம் 200, மிஞ்சினால் 300 கஜம். கடையில் ஏஆர்-10 (ஏஆர்-15இன் பெரிய வடிவம், .308 சுடுவது) என்று பத்து விதம் காட்டுகிறார்கள். சிலர் 6.5 கிரீட்மோர் என்ற வேறு தோட்டா அளவில் எடு என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்:
காலிபருக்கு முன்னால் தம்பி விஷயத்தை முடித்துவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர் கூட்டரசுச் சட்டப்படி வாங்கலாம். எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே குற்றம். "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை. ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் வரும். உங்கள் பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரிந்திருந்தாலே கேள்வி எழும். எண்ணை அவரிடம் சொல்லாதீர்கள், சாவியையும் பொது இடத்தில் மாட்டாதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் நடப்பில் இருந்தால் விசாவில் இருப்பவரும் வைத்திருக்கலாம். டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடியும். செப்டம்பர் 1 காலையில் புதியது கையில் இல்லையென்றால் விலக்கும் இல்லை. டெக்சாஸில் தனியார் நிலத்தில், நிலக்காரர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட 2019 முதல் உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான். அதைக் கேட்டுவிட்டு விசாக்காரர்கள் உரிமம் எடுக்காமல் கிளம்புகிறார்கள். மாநிலம் கேட்காவிட்டாலும் கூட்டரசு கேட்கும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும், அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

கடையில் ஃபார்ம் 4473 என்ற கூட்டரசுப் படிவத்தை நிரப்புவீர்கள். கிரீன் கார்டில் உள்ள ஏலியன் எண் வேண்டும். ஓட்டுநர் உரிமத்திலோ கூடவே காட்டும் வேறு அரசு ஆவணத்திலோ இப்போதைய முகவரி இருக்க வேண்டும். வீடு மாறி எதிலும் முகவரி மாற்றாதவர்களைக் கடைக்காரர் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். பின்னணிச் சோதனையில் "தாமதம்" என்று வந்தால் பதற வேண்டாம், அது மறுப்பு அல்ல. மூன்று வேலை நாள் கழித்தும் பதில் வராவிட்டால் கொடுப்பதா இல்லையா என்பது கடைக்காரர் முடிவு.

நண்பனுக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவன் பணம் கொடுத்து நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது கூட்டரசுக் குற்றம். கிரீன் கார்டுக்காரருக்குத் துப்பாக்கி வழக்கில் தண்டனை என்றால் நாடு கடத்தலே வரலாம்.

பதில்:
மேலே சொன்னவர் டெக்சாஸ் கணக்குச் சொன்னார். மற்ற மாநிலத்தில் படிப்பவர்கள் கவனிக்க: கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மேரிலாந்து, டெலவேர், இல்லினாய், வாஷிங்டன் ஆகியவற்றில் ஏஆர் வகை ரைபிள்களுக்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ உண்டு. நியூ ஜெர்சியில் வாங்குவதற்கே தனி அடையாள அட்டை வேண்டும், மான் வேட்டைக்கு இந்த வகை ரைபிளே கிடையாது. பென்சில்வேனியாவில் மானுக்கு செமி-ஆட்டோ ரைபிள் ஆகாது. கொலராடோவில் வேட்டையின்போது மேகசினும் (தோட்டாப் பெட்டி) சேம்பரும் (சுடுவதற்குத் தோட்டா ஏறி நிற்கும் அறை) சேர்த்து 6 தோட்டாதான். வேலை மாறி வேறு மாநிலம் போகும் வாய்ப்பு இருந்தால் இப்போதே அதை யோசித்து வாங்குங்கள்.

பதில்:
இப்போது ரைபிளுக்கு வருவோம். ஏஆர்-15க்கு ராணுவத் தர அளவு ஒன்று இருப்பதால் யாருடைய பாகமும் யாருடையதிலும் பெரும்பாலும் பொருந்தும். ஏஆர்-10க்கு அப்படி ஒரு பொது அளவு கிடையாது. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று டிபிஎம்எஸ் முறை, மற்றது ஆர்மலைட் முறை. கடையிலேயே கண்டுபிடிக்கலாம்: ரைபிளின் உடற்கூடான மேல் ரிசீவரும் கீழ் ரிசீவரும் பின்பக்கம் சேரும் இடத்தைப் பாருங்கள். வளைவாக வெட்டியிருந்தால் டிபிஎம்எஸ், நேர்க்கோடாகச் சாய்வாக இருந்தால் ஆர்மலைட். முதல் ரைபிள் என்றால் டிபிஎம்எஸ் குடும்பத்திலேயே நில்லுங்கள். எஸ்ஆர்-25 வகை மேகசின் போடலாம், மாக்புல்லின் 20 தோட்டா மேகசின் எங்கும் கிடைக்கும், மாற்றுப் பாகமும் கிடைக்கும்.

அடுத்து பஃபர், அதாவது பின்கட்டைக் குழாய்க்குள் ஸ்பிரிங்கோடு இருந்து, பின்னால் வரும் போல்ட்டைத் தாங்கும் துண்டு. தனித்தனியாகப் பாகம் வாங்கிக் கோர்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஏஆர்-15 கார்பைன் (குட்டை) குழாயோடு வரும் .308க்கு சுமார் 2.5 அங்குலக் குட்டை பஃபர். நீளமான குழாயோடு வருவதற்கு சுமார் 3.25 அங்குல பஃபர். நீளக் குழாயில் குட்டை பஃபரைப் போட்டால் போல்ட் கேரியர் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் பாகம்) தேவைக்கு மேல் பின்னால் போகும். கேரியரின் மேலே இருக்கும் கேஸ் கீ கீழ் ரிசீவரின் விளிம்பில் மோதும். சில பத்து சுடலிலேயே அந்த விளிம்பில் பள்ளம் விழும், பிறகு விரிசல். மாற்றிப் போட்டால், அதாவது குட்டைக் குழாயில் நீள பஃபர், போல்ட் முழுதாகப் பின்னால் போகாது, தோட்டா ஏறாது. முதல் ரைபிளை முழுதாக, ஒரே கம்பெனியுடையதாக வாங்குங்கள்.

எடையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரண ஏஆர்-10, ஸ்கோப், நிறைந்த மேகசின் எல்லாம் சேர்த்தால் 11, 12 பவுண்டு சுலபமாக வந்துவிடும். மேடையில் உட்கார்ந்து சுட அது நல்லது, உதை குறையும். நாள் முழுக்க நடக்கிறவருக்குத் தோள் விட்டுப்போகும். ரூகரின் எஸ்எஃப்ஏஆர் 2022ல் வந்தது, 16 அங்குலக் குழலோடு 6.8 பவுண்டுதான். எடை குறையும்போது உதை கூடும், அது தவிர்க்க முடியாதது. ஏஆர் தோற்றமே வேண்டாம் என்றால் பிரவுனிங் பிஏஆர் இருக்கிறது. வேட்டைக்கென்றே செய்த செமி-ஆட்டோ, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னத்திலும் கிடைக்கும். நூறு நூறாகச் சுட்டுப் பழகுவதற்கு அது ஏற்றதல்ல, மரப்பிடியோடு மான் வேட்டைக்கு அருமையானது.

பதில்:
.308ஆ 6.5ஆ என்ற கேள்விக்கு: 300 கஜத்துக்குள் என்றால் .308 எடுங்கள், யோசிக்க வேண்டாம். 6.5 கிரீட்மோர் 2007ல் வந்தது, காற்றில் விலகுவது குறைவு, 500 கஜம் தாண்டினால்தான் அதன் அருமை புரியும். குழலும் .308ஐ விடச் சீக்கிரம் தேயும். .308க்கு மலிவான பயிற்சித் தோட்டா வகைகள் அதிகம். 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டுக்குக் குழல் முனையில் நொடிக்கு சுமார் 2,800 அடி வேகம், சுமார் 2,600 அடி-பவுண்டு ஆற்றல், அதாவது நீங்கள் பழகிய ஏஆர்-15இன் 5.56ஐப் போல இரண்டு மடங்கு. பன்றிக்கும் மானுக்கும் தாராளம்.

100 கஜத்தில் சரிபார்த்து வைத்தால் 200ல் சுமார் 4 அங்குலமும் 300ல் சுமார் 14 அங்குலமும் குண்டு கீழே இறங்கும். இது பெட்டிக்குப் பெட்டி மாறும். வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவில் நீங்களே சுட்டு எழுதி வையுங்கள்.

குழல் 18 அங்குலம் போதும். 16ல் வேகம் குறைகிறது, சத்தமும் தீப்பொறியும் கூடுகிறது. 20 என்றால் வண்டியில் ஏறி இறங்க இடைஞ்சல். குழலின் உள்முறுக்கு 1:10 (10 அங்குலத்துக்கு ஒரு சுற்று) எடுத்தால் 175 கிரெய்ன் வரை எல்லாம் நிலையாகப் பறக்கும்.

"7.62" என்ற எண்ணை மட்டும் பார்த்துத் தோட்டா வாங்காதீர்கள். 7.62x51தான் .308க்கு நெருங்கிய சொந்தம். 7.62x39 ஏகேயுடையது, 7.62x54ஆர் பழைய ரஷ்ய ரைபிளுடையது. குழலில் பொறித்திருக்கும் எழுத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பின்னாளில் 6.5ம் வாங்கினால், இரண்டுக்கும் ஒரே மேகசின்தான் என்பதால் வண்ண நாடா ஒட்டிப் பிரித்து வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சரிசெய்யும் கேஸ் பிளாக் (குழலிலிருந்து போல்ட்டைத் தள்ளப் போகும் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) தேவையா? கூடுதல் பணம் கேட்கிறார்கள்.

பதில்:
கொடுங்கள், வீண் இல்லை. பெரும்பாலான .308கள் எந்தத் தோட்டாவிலும் ஓட வேண்டும் என்று கேஸை அதிகமாகவே விட்டு வருகின்றன. காலிக்கூடு முன்பக்கமாகச் சிதறினால், கூட்டின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் (காலிக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) கிழித்திருந்தால், உதை கூர்மையாக இருந்தால் கேஸ் அதிகம். கடைசித் தோட்டா முடிந்தும் போல்ட் பின்னால் நிற்காவிட்டால் கேஸ் குறைவு.

சரிசெய்வது இப்படி: பிளாக்கை முழுதாக மூடுங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் நிற்காது. ஒரு கிளிக் திறந்து மறுபடி ஒன்று. போல்ட் பின்னால் நின்ற இடத்திலிருந்து இன்னும் இரண்டு கிளிக் கூட்டி விடுங்கள், குளிரிலும் அழுக்கிலும் ஓட அந்த இரண்டு வேண்டும். காலிக்கூடு வலப்பக்கம், கடிகாரத்தில் 3க்கும் 4க்கும் நடுவே விழுந்தால் சரி. போல்ட் கேரியரில் உரசிப் பளபளக்கும் இடமெல்லாம் எண்ணெய் ஈரமாக இருக்கட்டும். புது .308 சிக்குகிறது என்று வருபவற்றில் நிறைய வெறும் காய்ந்த ரைபிள்தான்.

காதுக்கு அடைப்பானும் அதன் மேல் மஃபும், இரண்டும். .308 சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், கூரை உள்ள ரேஞ்சில் இன்னும் மோசம். ரேஞ்சுக்குப் போகும் முன் காந்தத்தைக் குண்டில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் குண்டில் எஃகு இருக்கிறது, பல ரேஞ்சில் அதற்கு அனுமதி இல்லை.

பதில்:
இன்னொன்று, ஊருக்குப் போகும்போது. ரேஞ்சுக்குத் தனிப் பை வாங்கி அதை ரேஞ்சுக்கு மட்டுமே வைத்திருங்கள். மடிக்கணினிப் பையிலோ பயணப் பையிலோ தோட்டா போடவே கூடாது. பக்கவாட்டு ஜிப்புக்குள் துணி மடிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்து சென்னை விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்தால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பயணம் அத்தோடு நிற்கும். மறந்துவிட்டேன் என்றாலும் அங்கேயே விட்டுவிட மாட்டார்கள். பெட்டி கட்டும் முன் எல்லாப் பையையும் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு ஜிப்பிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தம்பி இரவல் கேட்கும் பையையும்தான்.