இறந்தவரின் மனைவி சொன்னதை நான் கேட்கவே இல்லை. இப்போது என்ன செய்வது?

புது நிருபர்:
நாளிதழில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம், தொழிற்சாலை விபத்தில் இறந்த ஒருவரின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் பேசினேன். "இழப்பீடு கேட்டு மனைவி கண்ணீர்" என்று செய்தி வந்தது. மறுநாள் அந்த அம்மாவே போன் செய்தார். கோபப்படவில்லை. "நான் பணம் கேட்டு அழலையே தம்பி" என்றார், அவ்வளவுதான்.

பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். 22 நிமிடம். இழப்பீடு என்ற சொல்லை முதலில் எடுத்தது நான்தான். "வந்தா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, கணவரின் அடையாள அட்டையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறார். நான் குறுக்கே புகுந்து அடுத்த கேள்விக்குப் போகிறேன். மூன்று தடவை ஆரம்பித்திருக்கிறார். மூன்று தடவையும் முடிக்க விடவில்லை.

டெஸ்க்கில் (செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடும் பிரிவில்) சொன்னால், "தகவல் பிழை இல்லையே, விடு" என்கிறார்கள். விட முடியவில்லை.

ஓய்வுபெற்ற துணையாசிரியர்:
தம்பி, நேரில் போங்கள். ரெக்கார்டர் வேண்டாம்.

இதில் டெஸ்க்குக்கும் பொறுப்பு உண்டு. நிருபர் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் போன் போட்டு, "இழப்பீடு பத்திக் கேட்டியா?" என்று நானே எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறேன். தலைப்பு முன்பே தயார். அதற்கு ஒரு வாய் மட்டும் தேவை.

1989 ஏப்ரல் 15-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசல். அதில் இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். நான்காம் நாள் 'தி சன்' நாளிதழ் முதல் பக்கத்தில் "உண்மை" என்று தலைப்பிட்டு, ரசிகர்கள் இறந்தவர்களின் பையில் திருடினார்கள் என்று எழுதியது. போலீஸ்காரர்கள் சொன்ன கதை அது. சீருடை போட்டவர் சொன்னதை அப்படியே எழுதினார்கள். அப்படி இல்லை என்று குடும்பங்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தன. அந்தப் பத்திரிகை முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது 2012-ல், சுயேச்சையான குழுவின் அறிக்கை வந்த பிறகு. 2016-ல் விசாரணை ஜூரியும் ரசிகர்கள் மேல் தவறில்லை என்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் சொன்னது பத்திரிகையின் காதில் விழ 23 வருடம்! இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் ஒரே மாதத்தில் பதிவைத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். இனிமேல் ஒருவர் பேசி நிறுத்தியதும் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். பலர் அந்த இடைவெளியில்தான் சொல்ல வந்ததைச் சொல்வார்கள். அப்புறம், கிளம்பும் முன் "நீங்க சொன்னதை இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரிதானா?" என்று கேளுங்கள்.

சுகாதாரப் பிரசாரப் பணியாளர்:
எங்கள் வேலையிலும் இதே கதைதான். 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில், இறந்தவர் உடலிலிருந்தும் தொற்றும் எபோலா நோய் பரவியபோது, சடலத்தைத் தொடாதீர்கள் என்று அறிவித்துவிட்டுக் குழுக்கள் உடல்களை எடுத்துப்போயின. குடும்பங்கள் ஒளித்துவைத்துப் புதைத்தன. மக்களுக்கு அறிவில்லை என்று பேசியவர்கள் உண்டு. அந்தக் குடும்பங்கள் கேட்டது முறையான வழியனுப்புதல். அந்த நவம்பரில், மதத் தலைவர்களையும் கலந்து பேசி, உலக சுகாதார நிறுவனம் நெறிமுறையை மாற்றியது: பிரார்த்தனைக்கு இடம், குடும்பத்தார் உடன் இருக்க வழி. எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் இந்த விஷயம் தெரிந்திருக்காது, உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

புது நிருபர்:
நேற்று போனேன். ஐந்து எண்ணுவது ரொம்பக் கஷ்டம். ஆனால் எண்ணினேன்.

கணவருடைய செல்போன் விபத்தில் நொறுங்கிவிட்டதாம். அதனால் அடையாள அட்டையில் இருப்பதுதான் அவர் கடைசியாக எடுத்துக்கொண்ட படம். கம்பெனி அதை வாங்கி வைத்துக்கொண்டது. இவ்வளவுதான் அந்த அம்மா சொல்ல வந்தது. எப்படி எழுதிக் கேட்பது என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன்.

இதைச் செய்தியாகப் போடலாமா என்று கேட்டேன். "அட்டை கைக்கு வரட்டும் தம்பி, அப்புறம் போடலாம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.