கீழ் வீட்டு மீட்டரில் ஈ.எல். விளக்கு அணையவே இல்லை: ஒரே கட்டடம், ரெண்டு சர்வீஸ், வேலூர்

சத்துவாச்சாரி_மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் சொந்த வீடு. கீழே நாங்க இருக்கோம், மாடி வாடகைக்கு. மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்கியாச்சு. ரெண்டு சிங்கிள் பேஸ் மீட்டரும் வராண்டா சுவரில் பக்கத்துப் பக்கத்துல இருக்கு.

மாடிக்குக் குடி வந்ததுல இருந்து கீழ் மீட்டரில் 'ஈ.எல்.' (எர்த் லோடு)னு போட்டிருக்கிற சிவப்பு விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கு. புதுசா எந்தச் சாமானும் வாங்கல, ஆனா ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிடுச்சு. கீழே ஆர்.சி.சி.பி.யை (கரண்ட் கசிஞ்சா தானா விழற ஸ்விட்ச்) ஆன் பண்ணினா உடனே விழுந்துடுது. வயரிங் செஞ்சவர் அதைச் சுத்தி நேரா வயர் கொடுத்துட்டுப் போயிட்டார்.

கேட்க வேண்டியது மூணு. மீட்டரே பழுதா? டெர்மினல் மூடியைத் திறந்து ஸ்க்ரூ டைட் வச்சா சரியாகுமா? எர்த் குழி அரைகுறையா இருக்கு, கீழே பாறை, அதனால வருதா?

வாலாஜா_வயர்மேன்:

மூடியைத் தொடாதீங்க சார். முதல்ல அதைச் சொல்லிடறேன். மெயின் ஸ்விட்சை அணைச்சாலும் மீட்டரோட உள்வரும் பக்கம் கரண்ட் இருந்துகிட்டேதான் இருக்கும். கட்-அவுட் ப்யூஸைப் பிடுங்கினா பேஸ் (கரண்ட் வர்ற வயர்) மட்டும்தான் போகும், நியூட்ரல் (கரண்ட் திரும்பற வயர்) கம்பத்தோட சேர்ந்தே இருக்கும். சீல் உடைஞ்சா 2003 மின்சாரச் சட்டத்தோட 135, 138 பிரிவுல போய் மாட்டுவீங்க. அது மட்டுமில்ல, உங்க கோளாறு அந்த மூடிக்குள்ள இல்லவே இல்ல. நீங்க சொன்ன மூணு அறிகுறியும் ஒரே இடத்தைத்தான் காட்டுது: மாடி நியூட்ரலும் கீழ் நியூட்ரலும் எங்கேயோ ஒண்ணாச் சேர்ந்திருக்கு.

காரணம் இதுதான். இப்ப வர்ற ஸ்டாட்டிக் மீட்டர் பேஸ் வழியாப் போற கரண்டையும் அளக்கும், நியூட்ரல் வழியாத் திரும்பற கரண்டையும் அளக்கும். ரெண்டும் சமமா இருந்தா ஈ.எல். எரியாது. ஓர் அளவுக்கு மேல வித்தியாசம் வந்தா விளக்கு எரியும், ரெண்டுல எது அதிகமோ அதை வச்சு யூனிட் ஓடும். நியூட்ரலை வெளியே எர்த்துல கொடுத்துத் திருடறதைத் தடுக்க வச்ச ஏற்பாடு அது. வயரிங் தப்பா இருந்தா நேர்மையான வீட்டுக்காரர்தான் பணம் கட்டுவார்.

கணக்கா பாருங்க. கீழே 4 ஆம்பியர், மாடியில 6 ஆம்பியர் ஓடுதுன்னு வைங்க. மாடியோட நியூட்ரல் முழுக்க உங்க மீட்டர் வழியாத் திரும்பினா, உங்க பேஸ்ல 4, நியூட்ரல்ல 10. உங்க மீட்டர் 10-க்கு ஓடும். மாடி மீட்டர்ல பேஸ் 6, நியூட்ரல் 0, அது 6-க்கு ஓடும். உண்மையில் செலவானது 10, பில் வர்றது 16-க்கு. இதுல 500 யூனிட்டைத் தாண்டினா நம்ம வீட்டுக் கட்டணத்துல வேற ஸ்லாப் கணக்குக்கே மாறிடும். கடைசி யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ஏறும். பில் குதிச்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

ஆர்.சி.சி.பி. விழறதும் இதனாலதான். போற கரண்டும் வர்ற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே அது விழணும். அது ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. அதைச் சுத்தி வயர் கொடுத்ததுதான் இந்த வீட்டுல இப்ப இருக்கிற பெரிய ஆபத்து. இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க.

சத்துவாச்சாரி_மாடிவீடு:

ரொம்ப நன்றி அண்ணா. சேர்ந்திருக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுவரை உடைக்கணுமா? கீழ பழைய இரும்புப் பெட்டி மெயின், மாடியில டபுள் போல் எம்.சி.பி. (லோடு மிஞ்சினா தானா விழற ஸ்விட்ச், பேஸ், நியூட்ரல் ரெண்டையும் துண்டிக்கும்).

வாலாஜா_வயர்மேன்:

உடைக்க வேண்டாம். முதல்ல கையில எதுவும் எடுக்காம கண்ணால பாருங்க. கீழ் வீட்டுல எல்லா ஸ்விட்சையும் அணைச்சு ப்ளக் எல்லாத்தையும் உருவிடுங்க, மெயின் மட்டும் ஆன்ல இருக்கட்டும். மாடியில 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போடச் சொல்லுங்க. கீழே ஒரு பல்பு கூட எரியாதப்போ உங்க மீட்டரோட பல்ஸ் விளக்கு துடிச்சா சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது லைசென்ஸ் உள்ள வயர்மேனை வச்சுக்கிட்டு செய்ய வேண்டியது. ரெண்டு மெயினையும் அணைச்சு, மல்டிமீட்டர்ல ரெண்டு டி.பி.யிலயும் (வீட்டு வயரெல்லாம் பிரியற பெட்டி) கரண்ட் இல்லைன்னு உறுதி பண்ணணும். நியான் டெஸ்டரை நம்பக் கூடாது. நியூட்ரல் விட்டுப்போன வீட்டுல சாக்கெட்டோட ரெண்டு ஓட்டையிலயும் அது எரியும், குழப்பிவிடும். அப்புறம் கீழ் நியூட்ரல் பாருக்கும் (நியூட்ரல் வயரெல்லாம் சேர்ற உலோகப் பட்டை) மாடி நியூட்ரல் பாருக்கும் நடுவே கன்டினியூட்டி பாருங்க, இணைப்பு இருந்தா மல்டிமீட்டர் பீப் அடிக்கும். பீப் வரக் கூடாது.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. பழைய இரும்புப் பெட்டி மெயின் சிலதுல பேஸுக்கு மட்டும் ப்யூஸ் இருக்கும், நியூட்ரல் வெறும் லிங்க்காப் போகும், அணைச்சாலும் துண்டிக்காது. மாடியிலயும் அதே மாதிரி இருந்தா ரெண்டு நியூட்ரலும் ஈ.பி. லைன் வழியாச் சேர்ந்து, வயரிங் சரியா இருந்தாலும் பீப் கொடுக்கும். உங்களுக்கு மாடியில டபுள் போல் இருக்கறதால ஒரு பக்கமாவது வெட்டுப்படும், சோதனை செல்லும். ஆனாலும் கீழ இருக்கிற பெட்டியையும் டபுள் போலுக்கு மாத்திடுங்க.

பீப் வந்தா மாடி பார்ல இருந்து நியூட்ரல் வயரை ஒவ்வொண்ணா கழட்டணும், கழட்டும்போதே பேர் எழுதி ஒட்டிடணும். எந்த வயரைக் கழட்டும்போது சத்தம் நிக்குதோ அதுதான் ஆள். மாடி வீடுகள்ல எப்பவும் முதல்ல பார்க்க வேண்டியது படிக்கட்டு விளக்கு: டூ-வே ஸ்விட்சுக்குக் கீழ இருந்து பேஸும் மேல இருந்து நியூட்ரலும் எடுத்திருப்பாங்க. அடுத்தது தண்ணித் தொட்டி மோட்டார், அப்புறம் கேட் விளக்கு. இன்வெர்ட்டர் கீழே இருந்து மாடி லைட்டுக்கும் வயர் போயிருந்தா நேரா அங்கேயே போயிடுங்க. இன்வெர்ட்டர் பேஸை மாடிக்கு இழுத்து, அதோட நியூட்ரலையும் மாடி பார்ல சேர்த்திருப்பாங்க. இன்வெர்ட்டர் சர்க்யூட்டுக்கு நியூட்ரல் பார் தனியா இருக்கணும், அதே வீட்டு மீட்டர்ல இருந்து வரணும்.

வயரைப் பிரிச்ச பிறகும் ஈ.எல். எரிஞ்சா, எங்கேயோ நிஜமான கசிவு இருக்கு. கெய்சர் எலிமென்ட், போர் மோட்டார் கேபிள் ஜாயின்ட், இந்த வரிசையில ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க.

பாலாறு_எர்த்:

வயர்மேன் சொன்னது முழுக்கச் சரி. எர்த் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஈ.எல். விளக்குக்கும் உங்கள் குழி சரியில்லாததற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் குழி சரியில்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய விஷயம்.

நம் பக்கம் மலையடிவாரத்தில் இரண்டு அடி தோண்டினாலே பாறை. பாலாற்றுப் பக்கம் போனால் மணல், காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. அக்னி நட்சத்திரத்தில் இரண்டு இடத்திலும் எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். எர்த்திங்குக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 3043 சொல்வது: ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் 40 மி.மீ. விட்டம், 2.5 மீட்டர் நீளம், கட்டடத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி. செங்குத்தாக இறக்கப் பாறை விடாவிட்டால் உடைத்துக்கொண்டு நிற்காமல், ஈரம் தங்கும் பக்கமாக ஒரு நீளப் பள்ளம் வெட்டி ஜி.ஐ. பட்டையைப் படுக்கையாகப் புதைக்கலாம். துணி துவைக்கும் கல், குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம் நல்ல இடம். ஒன்றுக்கு இரண்டு குழி போட்டால் இடைவெளி 5 மீட்டராவது வேண்டும். அருகருகே போட்டால் இரண்டாவதற்குச் செலவழித்த பணத்துக்குப் பலன் குறைவு. கரியும் உப்பும் போடுவது வழக்கம்தான், ஆனால் உப்பு சில வருடங்களில் பைப்பைத் தின்றுவிடும். பென்டோனைட் களிமண் போட்டால் ஈரத்தையும் பிடித்துவைக்கும், பைப்பையும் அரிக்காது. செம்புக் கம்பியை நேராக ஜி.ஐ. பைப்பில் முறுக்காதீர்கள், சேரும் இடம் அரித்துப் போகும். வெள்ளீயம் பூசிய லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வைத்து, போல்ட் முறுக்கி, கிரீஸ் தடவி, குழிக்குத் திறந்து பார்க்கும்படி மூடி போடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் எம்.சி.பி. மட்டும் உங்களைக் காப்பாற்றாது. நல்ல குழி, 5 ஓம் என்றே வைப்போம். பிரிட்ஜ் பாடியில் பேஸ் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்து 46 ஆம்பியர் ஓடும். 'சி' வகை 32 ஆம்பியர் எம்.சி.பி. சட்டென்று விழ 160 முதல் 320 ஆம்பியர் வரை வேண்டும். 46 ஆம்பியரில் அது சூடேறி விழ ஒரு மணி நேரம் கூட ஆகலாம், அதுவரை பாடியில் கரண்ட் இருக்கும். ஆர்.சி.சி.பி.க்கு 30 மில்லி ஆம்பியர் போதும். குழி 100 ஓம் ஆகிப்போன கோடையிலும் 2.3 ஆம்பியர் ஓடுவதால் அடுத்த நொடிக்குள் விழுந்துவிடும். பாறை ஊரில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இருக்கவே கூடாது என்பது இதனால்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், டபுள் போல். அதற்கு ஓவர்லோடு தெரியாது என்பதால் முன்னால் 32 ஆம்பியர் எம்.சி.பி. கட்டாயம். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.யை மட்டும்தான் சோதிக்கும், எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் அது விழும். அதைப் பார்த்துவிட்டு எர்த் சரி என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. இந்தத் தொல்லையை 'சரி' செய்கிறேன் என்று டி.பி.யில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்த அன்று வீட்டிலுள்ள ஒவ்வொரு இரும்புப் பாடியும் பேஸ் ஆகிவிடும்.

ஆற்காடு_ஓவர்சீயர்:

மீட்டர் மேல சந்தேகம் தீரணும்னா பல்ஸ் எண்ணிப் பாருங்க. ஆனா நியூட்ரலைப் பிரிச்ச பிறகுதான் எண்ணணும், அதுக்கு முன்ன எண்ணினா கணக்கு பொய் சொல்லும். மீட்டர் முகத்துல ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை பல்ஸ்னு அச்சடிச்சிருக்கும். 3200-ன்னு வைங்க. 1000 வாட் மட்டும் ஓடினா 40 பல்ஸுக்கு 45 நொடி. 1600 மீட்டரா இருந்தா 90 நொடி. அயர்ன் பாக்ஸ் தானா அணைஞ்சு அணைஞ்சு எரியும், அதனால வாளித் தண்ணில வச்ச ஹீட்டர் தேவலை. ஹீட்டர் ஆன்ல இருக்கும்போது தண்ணியைத் தொட வேண்டாம். வோல்டேஜையும் அளந்துக்குங்க. சாயங்காலம் 200 வோல்ட்டுக்கு இறங்கினா 230-க்குன்னு செஞ்ச ஹீட்டர் 756 வாட்தான் இழுக்கும், 40 பல்ஸுக்கு ஒரு நிமிஷம் ஆகும். அது மீட்டர் குத்தம் இல்ல. இதையெல்லாம் கழிச்சும் பல்ஸ் வேகமா வந்தா, பணம் கட்டி மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம்.

டெர்மினல் பத்தி. டைட் வைக்கணும்ங்கிற எண்ணம் தப்பில்ல, செய்ய வேண்டியவங்க ஈ.பி.காரங்க. சர்வீஸ் வயர் அலுமினியம், சூடேறி ஆற ஆற ஸ்க்ரூவுக்கு அடியில நசுங்கித் தளர்ந்துடும். அந்த இடத்துல 0.05 ஓம் வந்தாலே 20 ஆம்பியர்ல 20 வாட் சூடு, ஒரு சால்டரிங் அயர்ன் சூடு அது, சுண்டுவிரல் நுனி அளவு இடத்துல. மூடி பழுப்பாகறது, பிளாஸ்டிக் கருகற வாடை, ஏ.சி. ஓடும்போது விளக்கு மினுக்கறது, இதுல ஒண்ணு கண்டாலும் லோடை அணைச்சுட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு சொல்லிடுங்க. மீட்டர்ல இருந்து மெயினுக்கு வர்ற வயர் 6 சதுர மி.மீ. செம்பு இருக்கட்டும், 4-ல இழுத்திருந்தா 32 ஆம்பியருக்கு இடமே மிச்சம் இருக்காது.

வராண்டா எந்தத் திசை? மேற்கு வெயில் நேரா அடிச்சா டிஸ்ப்ளே கருத்துப்போய் ரீடிங் தெரியாது. மேல ஒரு சன்ஷேட் வையுங்க. பெட்டிக்குள்ள கேபிள் நுழையற ஓட்டை கீழ்ப் பக்கம் இருக்கணும், நுழையறதுக்கு முன்ன வயர் ஒரு வளைவு கீழே தொங்கிட்டு மேல ஏறணும். இல்லேன்னா ஐப்பசி மழைத் தண்ணி வயரைப் பிடிச்சுக்கிட்டு நேரா டெர்மினலுக்குப் போகும்.

சத்துவாச்சாரி_மாடிவீடு:

கீழே எல்லாத்தையும் அணைச்சுட்டு மாடியில அயர்ன் பாக்ஸ் போடச் சொல்லிப் பார்த்தேன். கீழ் மீட்டர் துடிக்குது. இன்வெர்ட்டர் கீழேதான் இருக்கு, மாடி ஹால் லைட்டும் பேனும் அதுலதான். மாடி சர்க்யூட்டை இன்வெர்ட்டர்ல இருந்து எடுத்துட்டாப் போதுமா?

வாலாஜா_வயர்மேன்:

பேஸை மட்டும் எடுத்துட்டு விடாதீங்க, இன்வெர்ட்டருக்கு வர்ற போற நியூட்ரல் ரெண்டையும் தொடர்ந்து பாருங்க. மாடி ஹால் பேஸை மாடி எம்.சி.பி.க்கு மாத்தி, அந்த ஹால் நியூட்ரலை மாடி பார்ல கொடுத்து, கீழ போற துண்டை ரெண்டு முனையிலயும் கழட்டிடணும். ஒரு முனையை மட்டும் கழட்டி டேப் சுத்தி உள்ள தள்ளினா அடுத்து வர்றவர் திரும்பச் சேர்த்துடுவார். இன்வெர்ட்டரை அணைச்சு, பேட்டரி வயரையும் கழட்டின பிறகே கையை வைக்கச் சொல்லுங்க. மெயின் அணைஞ்சிருந்தாலும் அதோட அவுட்புட்ல 230 வோல்ட் இருக்கும். முடிச்சதும் ரெண்டு பாருக்கும் நடுவே திரும்பக் கன்டினியூட்டி பார்த்துட்டு, ஆர்.சி.சி.பி.யைச் சுத்திப் போற வயரை எடுத்துட்டு மெயினைப் போடுங்க. படிக்கட்டு விளக்கை ரெண்டு ஸ்விட்ச்லயும் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க, அப்பவும் விழாம நின்னா வேலை முடிஞ்சது.